இரண்டு நொடி மௌனம் சிடி ரைட்டரின் கோளாறு அல்ல

தொழிற்சாலை நிராகரித்த இன்னொரு மாஸ்டர் சிடி (பிரதிகள் எடுப்பதற்கான மூலத் தகடு) என் மேசைக்கு வந்திருக்கிறது. மேடை நிகழ்ச்சியின் நேரடி ஒலிப்பதிவு அது. கைதட்டல் ஓய்வதற்குள் அடுத்த பாட்டு எழ வேண்டும். தகட்டிலோ கைதட்டல் பாதியில் அறுந்து, இரண்டு நொடி மயான அமைதிக்குப் பிறகு மிச்சக் கைதட்டல் கேட்கிறது. கொண்டு வந்தவர் ரைட்டரைத் திட்டினார், தகட்டைத் திட்டினார், வேகத்தைக் குறைத்திருக்க வேண்டுமோ என்று கேட்டார். எந்த முறையில் எழுதினீர்கள் என்றேன். “முறை என்று ஒன்று இருக்கிறதா?” என்றார்.

இருக்கிறது. எழுதும் பொத்தானை அழுத்துவதற்கு முன்பே மென்பொருள் அதைக் கேட்கிறது. யாரும் படிப்பதில்லை.

டிராக்-அட்-ஒன்ஸ் முறையில் ஒவ்வொரு டிராக்கும், அதாவது ஒவ்வொரு பாட்டும், முடிந்ததும் எழுதும் லேசர் அணைந்து, அடுத்த டிராக்குக்கு மறுபடி எரிகிறது. நடுவில் வழக்கமாக 150 செக்டர் (தகட்டில் தரவு பதியும் சிறு துண்டு) இடைவெளி விழும். ஒலித்தகட்டில் நொடிக்கு 75 செக்டர். ஆக, அந்த இரண்டு நொடி யாருடைய கோளாறும் அல்ல, நீங்கள் தேர்ந்தெடுத்தது.

இங்கேதான் என் பொறுமை போகிறது. “இடைவெளியைப் பூஜ்யம் என்று மாற்றிவிட்டேன், சரியாகிவிட்டது” என்கிறார்கள். சரியாகவில்லை. காதுக்கு மௌனம் குறைந்திருக்கலாம். லேசர் அணைந்து எரிந்தது எரிந்ததுதான். அந்த இடத்தில் இணைப்புக்கான பிளாக்குகள் தகட்டிலேயே பதிந்துவிடும். வீட்டு பிளேயர் அவற்றைப் பொருட்படுத்தாமல் தாண்டிப் போகும். நகலெடுக்கும் தொழிற்சாலையின் சோதனைக் கருவிக்கு அவை திருத்த முடியாத பிழைகள். எண்ணை மாற்றினாலும், வேகத்தைக் குறைத்தாலும், விலையுயர்ந்த தகட்டை வாங்கினாலும் அவை அங்கேயே இருக்கும். முறையை மாற்றினால் மட்டுமே போகும்.

மாற்ற வேண்டியது டிஸ்க்-அட்-ஒன்ஸ் முறைக்கு. தகட்டின் தொடக்கப் பகுதி, பாடல்கள், முடிவுப் பகுதி எல்லாவற்றையும் லேசர் அணையாமல் ஒரே மூச்சில் எழுதுவது இது. டிராக்குகளுக்கு இடையே எவ்வளவு இடைவெளி என்பதை நீங்களே முடிவு செய்யலாம், முதல் டிராக்குக்கு முன்னால் உள்ள இரண்டு நொடியைத் தவிர. பாடல் பெயர்களைத் திரையில் காட்டும் சிடி-டெக்ஸ்ட் தகவலும் தொடக்கப் பகுதியில்தான் எழுதப்படுகிறது. டிராக்-அட்-ஒன்ஸில் அதற்கு வழியில்லை. எழுதி முடித்த தகட்டில் பிறகு எதையும் சேர்க்க முடியாது என்பது இதன் விலை. மாஸ்டருக்கு அது குறையே அல்ல.

(தொழில்காரர்களுக்கு ஒரு வார்த்தை: டிராக்கை வெட்டும்போது செக்டர் எல்லையில், அதாவது 588 சாம்பிளின் (ஒலியை எண்ணாக்கும் ஒற்றை அளவீடு) மடங்கில் வெட்டுங்கள். இல்லையென்றால் மென்பொருள் மிச்சத்தை மௌனத்தால் நிரப்பி, டிஸ்க்-அட்-ஒன்ஸிலும் ஒரு ‘டிக்’ கேட்கவைக்கும்.)

செஷன்-அட்-ஒன்ஸ் இதன் தம்பி. ஒரு செஷனை, அதாவது தனக்கெனத் தொடக்கமும் முடிவும் கொண்ட ஒரு பகுதியை, மட்டும் ஒரே மூச்சில் எழுதிவிட்டு, மேலும் எழுதுவதற்குத் தகட்டைத் திறந்தே வைக்கலாம். முதல் செஷனில் பாட்டு, இரண்டாவதில் கணினிக் கோப்புகள் என்று வரும் தகடுகளுக்கு இதுதான். ஆனால் விட்டுப்போன பாட்டை இரண்டாவது செஷனில் சேர்க்கலாம் என்று கணக்குப் போடாதீர்கள். சாதாரண ஒலி பிளேயர் முதல் செஷனைத் தாண்டிப் பார்க்காது. செஷன்களைக் கூட்டிக்கொண்டே போவது இடத்தையும் தின்னும்: முதலாவதை மூட ஏறத்தாழ 22 எம்பி, அடுத்த ஒவ்வொன்றுக்கும் சுமார் 13 எம்பி.

கோப்புகளை இழுத்துப் போட்டு எழுதும் பாக்கெட் முறை ஆவணங்களுக்கு வசதி. இசைத்தகட்டுக்கு அதைத் தொடவே வேண்டாம்.

பிளேயர் “தகடு இல்லை” என்று சொன்னால் உடனே தகட்டை எறிந்துவிடாதீர்கள். தகட்டை மூடாமல், அதாவது எழுதுவதை முறைப்படி முடிக்காமல், விட்டால் எந்தப் பாட்டு எங்கே என்று சொல்லும் பொருளடக்கம் தொடக்கப் பகுதிக்குப் போய்ச் சேராது. அதுவரை அது ரைட்டர் மட்டுமே படிக்கும் ஓரிடத்தில் காத்திருக்கும். ரைட்டரில் போட்டு மூடுங்கள், பெரும்பாலும் பிழைத்துவிடும்.

மாஸ்டர் எழுதும்போது கணினியில் வேறு எந்த வேலையும் ஓட வேண்டாம். தரவு தடைப்பட்டால் லேசரை நிறுத்தித் தொடரும் பாதுகாப்பு வசதி 2000 வாக்கிலேயே ரைட்டர்களுக்கு வந்துவிட்டது; ஆனாலும் மாஸ்டருக்கு அதை நம்பி உட்காராதீர்கள். எழுதிய பிறகு ஒவ்வொரு டிராக் சந்திப்பையும் ஹெட்போனில் கேளுங்கள். பிரதி எடுப்பவரிடமும் டிஸ்க்-அட்-ஒன்ஸ் என்று தயவுசெய்து எழுதியே கொடுங்கள்; நல்ல மாஸ்டரை டிராக்-அட்-ஒன்ஸில் நகலெடுத்தால் அந்த இரண்டு நொடி மறுபடி வந்து உட்கார்ந்துகொள்ளும்.