காப்பிரைட்: பதிப்புரிமையா, காப்புரிமையா?

காப்பிரைட் என்பதற்குத் தமிழில் பதிப்புரிமை என்று பெயர். காப்புரிமை வேறு, அது கண்டுபிடிப்புகளுக்குத் தரும் பேடன்ட். இரண்டையும் மாற்றி எழுதுவது இன்று எங்கும் நடக்கிறது. இணையதளத்தின் அடிவரியில், யூடியூப் வீடியோவின் விவரத்தில், கல்யாண ஆல்பத்தின் கடைசிப் பக்கத்தில்கூட ‘காப்புரிமைக்கு உட்பட்டது’ என்று போட்டுவிடுகிறார்கள். காரணம் காதுதான். ‘காப்பி’க்குப் பக்கத்தில் ‘காப்பு’ தயாராக நிற்கிறது, ‘ரைட்’ என்றால் ‘உரிமை’. சேர்த்துச் சொல்லிப் பார்த்தால் மொழிபெயர்ப்பு மாதிரியே கேட்கிறது.

சொல் மாறினால் என்ன, விஷயம் புரிந்தால் போதாதா என்று கேட்கலாம். கொடைக்கானலில் வில்பட்டிப் பக்கம் எனக்குத் தெரிந்த அக்கா ஒருவர் ஹோம்ஸ்டே நடத்துகிறார். அவர் தன் வீட்டைப் பற்றி முன்பதிவுத் தளத்தில் போட்டிருந்த லிஸ்டிங்கை, அதே சாலையில் இருக்கும் இன்னொரு விடுதிக்காரர் வரிக்கு வரி எடுத்துத் தன் பெயரில் போட்டுவிட்டார். படங்களில் பாதியும் அக்காவுடையவை. புகார்ப் படிவத்தில் எந்த உரிமை மீறப்பட்டது என்று தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். அக்காவின் தம்பி மகன் தமிழில் ‘காப்புரிமை’ என்று யோசித்து, அகராதியில் அதற்கு ஆங்கிலம் தேடி, பேடன்ட் என்பதை அழுத்திவிட்டான். பேடன்ட் எண்ணை அனுப்புங்கள் என்று பதில் வந்தது. பால்கனிக்கும் வெந்நீருக்கும் யார் பேடன்ட் வாங்கி வைத்திருப்பார்கள்?

சரி, சொல்லுக்கு வருவோம். ஆங்கிலத்தின் ‘காப்பி’ லத்தீனில் ‘கோப்பியா’ என்ற சொல்லிலிருந்து வந்தது. அங்கே அதற்குப் பொருள் மிகுதி, வளம். ஒன்றைப் பலவாக்குவது என்ற எண்ணத்திலிருந்து இடைக்கால லத்தீனில் எழுத்துப் படி என்ற பொருள் ஏறியது. பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குள் நுழைந்தது. லண்டனில் அச்சகத்தாரும் புத்தக வியாபாரிகளும் சேர்ந்த சங்கத்துக்கு 1557-ல் அரச சாசனம் கிடைத்தது. சங்கப் பதிவேட்டில் ஒரு புத்தகத்தைத் தன் பெயரில் எழுதி வைத்தவருக்கு மட்டுமே அந்தக் ‘காப்பி’யை அச்சிடும் உரிமை. எழுதியவருக்கு அதில் பெரிதாகப் பங்கில்லை. 1710-ல் நடைமுறைக்கு வந்த ஆன் அரசியின் சட்டம்தான் உரிமையை எழுதியவர் கைக்குக் கொண்டு வந்தது: 14 ஆண்டு, அதன் முடிவில் ஆசிரியர் உயிரோடிருந்தால் இன்னொரு 14 ஆண்டு.

தமிழில் படியெடுப்பதற்கு இப்படி ஒரு வியாபார வாசனை இருந்ததில்லை. படி, படியெடுத்தல் என்பவை ஓலைச்சுவடிக் காலத்துச் சொற்கள். (பிரதி வடமொழி. பத்திர எழுத்தர்கள் சொல்லும் நகல் அரபியிலிருந்து உருது வழியாக வந்தது.) ஓலையைச் செல்லரிக்கும், பூச்சி துளைக்கும், யாராவது உட்கார்ந்து புதிய ஓலையில் எழுதினால்தான் நூல் அடுத்த தலைமுறைக்குப் போகும். ஆகவே படியெடுத்தவர் புண்ணியவான். அச்சு வந்து, ஒரே நாளில் நூற்றுக்கணக்கில் போட்டு விற்கலாம் என்று ஆன பிறகுதான் ‘இது யாருடையது’ என்ற கேள்வி இங்கே காசுக் கேள்வியானது.

‘பதிப்பு’ அந்த அச்சுலகத்துச் சொல். பதி என்ற வினையிலிருந்து வந்தது: அழுத்தித் தடம் விழச் செய்வது. பதிப்புரிமை என்றால் பதிப்பிக்கும் உரிமை. ஆங்கிலச் சொல் பிறந்த இடமும் அச்சகம் என்பதால் வரலாற்றுப்படி இது மிகப் பொருத்தம். குறை ஒன்று உண்டு. பதிப்பு என்றதும் புத்தகம் நினைவுக்கு வருகிறது. ‘நான் என்ன புத்தகமா போட்டேன்?’ என்று ஹோம்ஸ்டேக்காரர் ஒதுங்கிவிடுகிறார். அதனால் படைப்புரிமை, ஆக்கவுரிமை, நகலுரிமை என்று பலர் பல சொற்களை முன்வைத்திருக்கிறார்கள். நகலுரிமை எனக்குச் சரிப்படவில்லை, நகல் எடுத்தவருக்கு உரிமை என்றல்லவா கேட்கிறது! படைப்புரிமை நல்ல சொல்தான். ஆனாலும் பதிப்புரிமையை விட வேண்டியதில்லை என்பேன். ஒலிப்பதிவு, ஒளிப்பதிவு, வலைப்பதிவு என்று ‘பதி’ ஏற்கெனவே புத்தகத்தை விட்டு வெளியே வந்துவிட்டது. செல்போனில் எடுத்த பால்கனிப் படமும் அந்தக் குடும்பத்தில் தாராளமாகச் சேரும்.

இன்னொரு வழுக்கலும் இங்கே இருக்கிறது. ‘பதி’ என்று கேட்டதும் பதிவு செய்ய வேண்டும் போலிருக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். வேண்டாம். இந்தியாவில் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, படம் எடுத்த கணத்தில், வாக்கியம் எழுதிய கணத்தில் உரிமை பிறந்துவிடுகிறது. பதிவு செய்தால் சான்றாக உதவும். செய்யாவிட்டால் உரிமை போகாது. 1886-ஆம் ஆண்டின் பெர்ன் உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகளில் வட்டத்துக்குள் ‘சி’ போட வேண்டிய கட்டாயமும் இல்லை.

அப்புறம் காப்புரிமை. காப்பு என்றால் காவல். கோயில் திருவிழாவுக்குக் காப்புக் கட்டுகிறோம், பழைய நூல்கள் காப்புச் செய்யுளோடு தொடங்கும், காப்பீடு புதுச்சொல். அரசு தரும் காவலோடு ஒரு கண்டுபிடிப்பை 20 ஆண்டு தனியாக அனுபவிக்கும் உரிமை என்பதால் பேடன்டுக்கு அது பொருந்துகிறது. வேடிக்கை என்னவென்றால், பேடன்ட் என்ற சொல்லின் லத்தீன் வேருக்குத் திறந்திருத்தல் என்று பொருள். உறையிட்டு மூடாமல் யாரும் படிக்கும்படி அரசர் கொடுத்த திறந்த மடல் அது. அங்கே திறப்பு, இங்கே காவல். இலங்கையில் இந்த உரிமைகளையெல்லாம் சேர்த்துப் புலமைச் சொத்து என்கிறார்கள். நாம் அறிவுசார் சொத்துரிமை என்று நீட்டி முழக்குகிறோம். அவர்களுடையது அழகு.

வில்பட்டி அக்காவின் லிஸ்டிங்குக்குத் திரும்பினால், அதில் ஒரு வரி: ‘எங்கள் ஜிம்மி குரைப்பான், ஆனால் கடிக்க மாட்டான், குழந்தைகள் பயப்பட வேண்டாம்.’ எதிர்த்தரப்பு விடுதியில் நாயே கிடையாது. அவர்களுடைய லிஸ்டிங்கிலும் ஜிம்மி குரைத்துக்கொண்டிருந்தான்.

இதற்குத் தமிழில் ஈயடிச்சான் காப்பி என்று அருமையான பெயர் இருக்கிறது. மூலத்தாளில் ஓர் ஈ செத்து ஒட்டிக்கொண்டிருந்ததாம். படியெடுத்த குமாஸ்தா ஓர் ஈயைத் தேடி அடித்துத் தன் தாளிலும் அதே இடத்தில் ஒட்டினானாம். கதை உண்மையோ பொய்யோ, வழக்கு என்று வந்தால் அந்த ஈதான் சாட்சி. தவறுகளும் தனக்கு மட்டுமே பொருந்தும் விவரங்களும் தற்செயலாக இரண்டு இடத்தில் முளைக்காது. இதை நம்பி வேண்டுமென்றே ஈயை ஒட்டி வைப்பவர்களும் உண்டு. அமெரிக்காவில் கான்சாஸ் மாநிலத்தின் வடமேற்கில் ரூரல் என்ற தொலைபேசி நிறுவனம், நிஜத்தில் இல்லாத ஆட்களின் பெயரில் சில பதிவுகளைத் தன் தொலைபேசிப் புத்தகத்தில் சேர்த்திருந்தது. ஃபைஸ்ட் என்ற போட்டிப் பதிப்பாளர் பெரிய வட்டாரத்துக்கு ஒரு புத்தகம் போட்டார். அதிலிருந்த 46,878 பதிவுகளில் 1,309 ரூரலுடையவற்றோடு அப்படியே ஒத்துப்போயின. அவற்றில் 4 இல்லாத ஆட்கள். கையும் களவுமாகப் பிடித்தாயிற்று.

ஆனால் வழக்கில் தோற்றது ரூரல்! அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1991-ல் சொன்னது இதுதான்: காப்பியடித்தது உண்மை, ஆனால் பெயரும் ஊரும் எண்ணும் வெறும் தகவல்கள், அவற்றை அகர வரிசையில் அடுக்குவதில் சொந்தப் படைப்பு எதுவும் இல்லை, ஆகவே பதிப்புரிமை இல்லை. உழைத்துச் சேர்த்தேன் என்பது மட்டும் போதாது. நம் உச்ச நீதிமன்றமும் 2007 டிசம்பரில், சட்ட இதழ்களில் தீர்ப்புகளைப் பதிப்பிப்பது பற்றிய வழக்கில், உழைப்போடு கொஞ்சமாவது படைப்புத்திறன் இருக்க வேண்டும் என்றது.

ஆகவே ஈயைக் காட்டினால் காப்பியடித்தார் என்று நிரூபிக்கலாம். எடுத்த பொருள் உங்களுடையதா என்பது தனிக் கேள்வி. கொடை ரோடு ரயில் நிலையத்திலிருந்து சுமார் 80 கிலோமீட்டர், சீசனில் கிளம்பும் முன் இ-பாஸ் பார்த்துக்கொள்ளுங்கள், இரண்டு அறை, ஹீட்டர், கார் நிறுத்த இடம், வாடகை இவ்வளவு: இவை தகவல்கள். யாரும் எழுதலாம். பள்ளத்தாக்கைப் பார்த்தபடி காலை டிபன் போடும் யோசனையும் உங்களுக்குச் சொந்தமில்லை. ஒரு நாடகத்தின் கருவை எடுத்து இந்திப் படமாக்கிவிட்டார்கள் என்ற வழக்கில் 1978-லேயே உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது: கருத்துக்குப் பதிப்புரிமை கிடையாது, அது வெளிப்பட்ட வடிவத்துக்குத்தான். (பத்திரிகைகள் விரும்பி எழுதும் ‘கருத்துத் திருட்டு’ என்ற தொடர் இதனால்தான் எனக்கு உறுத்துகிறது. எழுத்துத் திருட்டு என்றால் பொருந்தும்.) ஜிம்மி வரி, அறையை வருணித்த பத்தி, படங்கள் இவைதான் அக்காவின் கையில் இருந்தவை.

படங்களில்தான் பலர் சறுக்குகிறார்கள். நீங்களே எடுத்தால் சிக்கலில்லை. காசு கொடுத்து ஆள் வைத்து எடுத்திருந்தால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, இந்தியச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு எடுக்கச் சொன்னவரையே முதல் உரிமையாளர் என்கிறது. அமெரிக்காவில் பொதுவாக இதற்கு நேர்மாறு. எழுதி வாங்காவிட்டால் உரிமை போட்டோகிராபருக்கே. தங்கிவிட்டுப் போன விருந்தினர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய படம்? அது அவருடையது. அக்காவின் லிஸ்டிங்கில் இருந்த மேகமூட்டப் படம் அப்படி வந்ததுதான். போட்டிக்காரர் அதையும் எடுத்திருந்தார். அந்த ஒன்றுக்குப் புகார் தர அக்காவுக்கு வழியில்லை. விருந்தினரிடம் கேட்டு எழுதி வாங்கியிருக்க வேண்டும்.

இரண்டாவது முறை படிவம் நிரப்பும்போது பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். எதிராளிக்குப் போன் போட்டுத் திட்டுவதற்கு முன்பே அவருடைய பக்கத்தை முகவரியும் தேதியும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்தாயிற்று. திட்டிய பிறகு பக்கம் மாறிவிடும், கையில் ஒன்றும் இருக்காது. செல்போனில் இருந்த மூலப் படங்களையும் தேடி எடுத்தோம். மூலக் கோப்பில் எடுத்த நாளும் நேரமும் கருவியும் பதிந்திருக்கும். தளத்தில் ஏற்றிய படத்தில் அவை பெரும்பாலும் இருக்காது. சமையலறை ஜன்னலில் காயும் வடிகட்டியோடு எடுத்த இன்னும் சில கோணங்கள் போனில் கிடைத்தன. எங்கும் வெளியிடாத அந்தப் படங்கள் நல்ல சான்று, ஏனென்றால் காப்பியடித்தவரிடம் அவை இருக்க வாய்ப்பே இல்லை. படத்தை வைத்துப் படம் தேடும் வசதியில் போட்டுப் பார்த்ததில் அதே பால்கனி இன்னொரு தளத்திலும் தலைகாட்டியது.

முன்பதிவுத் தளங்கள் பல அமெரிக்காவைச் சேர்ந்தவை. அந்நாட்டின் 1998-ஆம் ஆண்டுச் சட்டத்தை ஒட்டிய புகார்ப் படிவம் அவற்றில் இருக்கும். இந்தியச் சட்டப்படி போவதென்றால் 52-ஆவது பிரிவும் 2013-ஆம் ஆண்டு விதிகளில் 75-ஆவது விதியும். எழுத்து மூலம் புகார் கிடைத்ததிலிருந்து 36 மணி நேரத்துக்குள் அந்தப் பக்கத்துக்கான அணுகலை நிறுத்த வேண்டும் என்பது விதி. ஆனால் அது 21 நாளுக்குத்தான். அதற்குள் நீதிமன்ற உத்தரவு கொண்டு வராவிட்டால் பக்கம் திரும்ப வரலாம். வழக்குப் போடுவேன் என்ற உறுதிமொழியும் அந்தப் புகாரிலேயே கேட்கப்படும். ஆகவே சிறிய ஹோம்ஸ்டேக்காரருக்குத் தளத்தின் சொந்தப் படிவம்தான் முதலில் கைகொடுக்கும்.

உங்கள் வீட்டின் பெயரையும் அவர் எடுத்துக்கொண்டிருந்தால் அது பதிப்புரிமையில் வராது. வணிகக்குறி விவகாரம், 1999-ஆம் ஆண்டின் தனிச் சட்டம். உங்கள் படங்களைக் காட்டி, இல்லாத வீட்டுக்கு யாராவது அட்வான்ஸ் வாங்கியிருந்தால் அது மோசடி. அப்போது சொல் ஆராய்ச்சியெல்லாம் வேண்டாம். ஏமாந்தவரை உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழைக்கச் சொல்லுங்கள்.

அக்கா விஷயத்தில் படங்களும் பத்தியும் சில நாளில் இறங்கிவிட்டன. பிறகு அந்த விடுதிக்காரர் புதிதாக எழுதிப் போட்டார்: அதே வரிசை, அதே வசதிகள், அதே பள்ளத்தாக்கு, வாக்கியங்கள் மட்டும் அவருடையவை, ஜிம்மி இல்லை. அக்காவுக்குக் கோபம் அடங்கவில்லை, வக்கீல் நோட்டீஸ் விடப்போவதாகச் சொன்னார். வேண்டாம் என்றேன். பதிப்புரிமைச் சட்டத்தின் 60-ஆவது பிரிவு, ஆதாரமில்லாமல் வழக்குப் போடுவேன் என்று மிரட்டப்பட்டவர் திருப்பி வழக்குப் போட இடம் தருகிறது.