‘வாயாங்’ என்றால் என்ன? தமிழில் எப்படிச் சொல்வது?

சிங்கப்பூரில் வேலை பார்க்கும் தமிழர்களோடு பழகினால் இந்தச் சொல் என்றைக்காவது காதில் விழும். “மேனேஜர் வந்தா மட்டும் சீட்டுல உக்காந்துக்குவான். எல்லாம் சும்மா வாயாங்!” பாசாங்கு, அடுத்தவர் பார்க்கவென்றே செய்வது என்று பொருள். மலாய்க்காரர், சீனர், தமிழர் யார் பேசினாலும், ஆங்கிலத்தில் பேசினாலும்கூட, இந்த ஒரு சொல் அப்படியே வரும்.

அதே ஊரில் எழுபது வயதைத் தாண்டிய ஒருவரிடம் ‘வாயாங்’ என்று சொல்லிப் பாருங்கள். அவர் மனத்தில் எழுவது வேறு காட்சி. சீனக் கோயிலுக்கு எதிரே கம்பும் பலகையும் கொண்டு கட்டிய உயரமான மேடை, கித்தான் கூரை, காதைத் துளைக்கும் தாளமும் நாதசுரத்தின் உறவுக்காரன் போன்ற ஒரு குழலும், வெள்ளையும் சிவப்பும் தீட்டிய முகங்கள், மேடையைச் சுற்றித் தீனிக்கடைகள். தெருவில் நடக்கும் சீனக் கூத்துக்கு அந்த ஊரில் வழங்கும் பெயர்தான் வாயாங். பாசாங்கு என்ற பொருள் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது.

இதில் விந்தை என்னவென்றால், இது சீனச் சொல்லே அல்ல.

சாவகத்திலும் (இன்றைய ஜாவா) மலாய் நிலத்திலும் ‘வாயாங்’ என்பது முதலில் பாவைக்கூத்தைக் குறித்தது. மலாயில் ‘பாயாங்’ என்றால் நிழல். இரண்டும் ஒரே வேரிலிருந்து பிறந்தவை என்பது பொதுவான கருத்து. ‘வாயாங் கூலிட்’ என்பதில் ‘கூலிட்’ என்றால் தோல். தோலில் வெட்டிய பாவைகளை விளக்கொளியில் ஆட்டி, திரையில் விழும் நிழலால் கதை சொல்வது. சொல்லப்படும் கதைகளில் இராமாயணமும் பாரதமும் பெரும் பங்கு. நம் தோற்பாவைக்கூத்தை அறிந்தவருக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டாம். இந்த ஒற்றுமையைக் கண்டு, ‘வாய்’ என்பதிலிருந்து வாயாங் வந்தது என்று யாராவது தமிழ் வேர் காட்டினால் நம்ப வேண்டாம். கலைகளுக்குள் உறவு இருக்கலாம், சொல் அவர்களுடையது.

நிழலில் தொடங்கிய சொல் மெல்ல மெல்ல விரிந்தது. மரப்பாவை ஆடினால் ‘வாயாங் கோலேக்’, மனிதர் ஆடினால் ‘வாயாங் ஓராங்’. சினிமா வந்ததும் அது ‘வாயாங் கம்பார்’ ஆயிற்று. ‘கம்பார்’ என்றால் படம். மலேசியாவில் இன்றும் ‘தெங்கோக் வாயாங்’ என்றால் படம் பார்ப்பதுதான். மேடையோ திரையோ, கூட்டம் கூடி வேடிக்கை பார்க்கும் எதுவும் வாயாங். ஆகவே சீனக் குடியேறிகள் கோயில் வாசலில் மேடை போட்டு ஆடியபோது, பக்கத்துவீட்டு மலாய்க்காரர் அதையும் ‘வாயாங் சீனா’ என்றார். பிறகு அடைமொழி உதிர்ந்து, சிங்கப்பூரில் வெறும் ‘வாயாங்’ என்றாலே சீனக் கூத்து என்றாகிவிட்டது.

ஆடுகிறவர்கள் தங்கள் கலையை அப்படிச் சொல்வதில்லை. சீனருக்குள்ளேயே வட்டார மொழிகள் பல. ஹொக்கியன் பேசுகிறவருக்கு அது ‘ஹீ’. கேண்டனீஸ் பேசுகிறவருக்கு ‘தாய் ஹெய்’, அதாவது பெரிய ஆட்டம். நூல்வழக்குச் சீனமான மாண்டரினில் ‘சீ ச்சூ’. ‘சீ’ ஆட்டம், ‘ச்சூ’ பாட்டு. ஆக, வாயாங் என்பது அக்கம்பக்கத்தார் வைத்த பெயர். மொழி புரியாமல், கதை தெரியாமல், சாலையோரத்தில் நின்று வேடிக்கை பார்த்தவர்கள் வைத்த பெயர். அந்தக் கூட்டத்தில் தமிழரும் இருந்திருப்பார்கள் என்பதற்குத் தெருக்களின் அமைப்பே போதும்.

சைனாடவுனில் சவுத் பிரிட்ஜ் சாலையில் மாரியம்மன் கோயில் நிற்கிறது. 1827-இல் தொடங்கிய கோயில். அதன் ஒரு பக்கம் பகோடா ஸ்திரீட், மறுபக்கம் டெம்பிள் ஸ்திரீட். ஆங்கிலேயர் இந்த இரண்டு பெயர்களையும் வைத்தது நம் கோயிலையும் கோபுரத்தையும் பார்த்துத்தான். அங்கிருந்து சற்றுத் தள்ளி ஸ்மித் ஸ்திரீட். 1887-இல் அங்கே ‘லாய் ச்சுன் யுவென்’ என்ற மூன்று மாடிக் கூத்தரங்கம் எழுந்தது. கேண்டனீஸ் கூத்துக்கென்றே கட்டியது.  கேண்டனீஸ்காரர்கள் அதன்பின் ஸ்மித் ஸ்திரீட்டை ‘ஹெய் யுவென் காய்’ என்றார்கள். ‘ஹெய் யுவென்’ கூத்தரங்கம், ‘காய்’ தெரு. அதை வெட்டிச் செல்லும் திரங்கானு ஸ்திரீட், கூத்தரங்கத்துக் குறுக்குத் தெரு. டெம்பிள் ஸ்திரீட்டோ ‘ஹெய் யுவென் ஹௌ காய்’, கூத்தரங்கத்துப் பின்தெரு.

ஒரே தெரு. மாரியம்மனைப் பார்த்து நடந்தவருக்குக் கோயில் தெரு, ஆட்டத்தைப் பார்த்து நடந்தவருக்குக் கொட்டகைக்குப் பின்தெரு. ஊரைப் பற்றி எவ்வளவோ படித்திருக்கிறேன். இந்த ஒரு தெருவின் இரண்டு பெயர்களைப் போல எதுவும் என்னை நிறுத்தி வைத்ததில்லை. பெயர்ப்பலகையில் ஏறியது ஒன்று. மற்றொன்றைக் கேண்டனீஸ் பேசும் முதியவர்கள் வாயில்தான் கேட்க முடியும். திசை கேட்டால் ‘கொட்டகைக்குப் பின்னாலே’ என்று கைகாட்டிய மக்களுக்கு நகரத்தின் நடுப்புள்ளி எது என்பதை அந்தப் பெயர் சொல்லிவிடுகிறது. நம் ஊரிலும் தேரடி, சந்தைப்பேட்டை, கொட்டகைத் தெரு என்று அடையாளம் சொல்கிறோமே, அதே கணக்கு.

அரசுப் பலகையிலும் சொல் ஏறியது உண்டு. இன்றைய யூ தோங் சென் ஸ்திரீட்டின் ஒரு பகுதிக்கு முன்பு வாயாங் ஸ்திரீட் என்றே பெயர். அங்கே சீனக் கூத்தரங்கங்கள் இருந்தன. செல்வந்தர் யூ தோங் சென் அந்தச் சாலையைச் சீரமைத்தபின், 1919 வாக்கில், அவர் பெயர் அதற்கு வந்தது. தெருவின் பெயரிலிருந்து கூத்தை எடுத்த அவரே 1928-இல் அதே தெருவில் கேண்டனீஸ் கூத்துக்கென ஓர் அரங்கத்தையும் கட்டினார். பின்னாளில் அது மெஜஸ்டிக் என்ற சினிமாக் கொட்டகை ஆயிற்று. லாய் ச்சுன் யுவெனும் அதே வழியில்தான் போனது: முதலில் கூத்து, பிறகு படம். இரண்டையும் மலாயில் வாயாங் என்றே சொல்லலாம் என்பதால், அந்தக் கட்டடங்களை விட்டு அந்தச் சொல் வெளியேறவே இல்லை. புக்கிட் தீமா சாலைப் பக்கம் போகிறவர்கள் இன்றும் ‘வாயாங் சாத்து’ மேம்பாலத்தைக் கடக்கிறார்கள். ‘சாத்து’ என்றால் ஒன்று. காரில் விரைகிறவர்களில் எத்தனை பேர் அந்தப் பெயருக்குள் ஒரு கூத்துமேடை இருப்பதை நினைப்பார்கள்?

அரங்கத்துக் கூத்து காசு கொடுத்துப் பார்ப்பது. தெருக்கூத்து அப்படியல்ல, அது நேர்த்திக்கடன். சாமியின் பிறந்தநாள் வரும், சீன நாட்காட்டியின் ஏழாம் மாதத்தில் முன்னோர் ஆவிகள் உலவும் காலம் வரும். அப்போது பகுதி மக்களோ கோயிலோ பணம் திரட்டிக் கூத்துக்குழுவை அழைப்பார்கள். மேடை சன்னிதியைப் பார்த்துத்தான் நிற்கும். ஃபிலிப் ஸ்திரீட்டில் உள்ள, தியோச்சூ மொழி பேசும் சீனரின் பழைய கோயில் யூவே ஹாய் ச்சிங் முற்றத்தில் அப்படித்தான் ஆடினார்கள். உபின் தீவில் கோயிலுக்கு முன்னே நிரந்தர மேடையே உண்டு.

ஏழாம் மாதத்து மேடையை ஒரு தடவை நின்று பாருங்கள். முன்வரிசை நாற்காலிகள் காலியாக இருக்கும். அவை கண்ணுக்குத் தெரியாத விருந்தாளிகளுக்கு. தெரியாமல் யாராவது உட்காரப் போனால் பக்கத்தில் இருக்கும் பெரியவர் கையைப் பிடித்து இழுத்துவிடுவார். அதற்குப் பின்னே சில முதியவர்கள், விசிறியோடு ஒரு பாட்டி, சைக்கிளைச் சாய்த்துவிட்டு நிற்கும் ஒருவர். மழை வந்தால் அவர்களும் ஒதுங்கிவிடுவார்கள். ஆட்டம் மட்டும் நிற்காது. தலையில் நீண்ட இறகுகள் அசைய, முதுகில் கொடிகள் செருகிய தளபதி வேடம் வந்து, தான் இன்னார் என்று அறிவித்துக்கொண்டு பாடும். வாடகைக்கு அழைத்தவர் சாமி, கேட்பவரும் சாமி. எதிரே ஆள் இல்லை என்பது அவர்களுக்கு ஒரு குறையே இல்லை.

மேடைக்குப் பக்கவாட்டில் போனால் இன்னொரு உலகம். தகரப் பெட்டிகள், கயிற்றில் தொங்கும் பட்டு ஆடைகள், சிறு கண்ணாடியைச் சாய்த்து வைத்துப் புருவம் எழுதும் ஒரு பெண், ஓரத்தில் கூத்துக்குழுவின் குலதெய்வத்துக்கு ஊதுபத்தி. அந்தப் புகையை வணங்கிவிட்டுத்தான் படியேறுவார்கள். ‘பாசாங்கு’ என்று பொருள் சொல்லும் ஒவ்வொரு முறையும் எனக்கு இந்த இடம் உறுத்துகிறது. இதைவிட உண்மையாக ஒருவர் தம் தொழிலைச் செய்துவிட முடியாது.

இந்த மேடைகள் ஏன் அருகின? மக்கள் ‘கம்பம்’ என்னும் கிராமக் குடியிருப்புகளை விட்டு அடுக்குமாடி வீடுகளுக்குப் போனபோது, கோயில்களும் இடம்பெயர்ந்தன அல்லது ஒன்றோடொன்று சேர்ந்தன. மேடை போடத் திடலோ கார்நிறுத்துமிடமோ கிடைத்தால் உண்டு. அதைவிடப் பெரிய அடி மொழியில் விழுந்தது. வாயாங் ஆடுவது தியோச்சூவில், ஹொக்கியனில், கேண்டனீஸில், ஹைனானீஸில். 1979-இல் மாண்டரின் பேசுவோம் இயக்கம் தொடங்கியது. வானொலியிலும் தொலைக்காட்சியிலும் வட்டார மொழிகள் குறைந்து மறைந்தன. பாட்டி பாடலுக்குத் தலையாட்டுவாள், பேரனுக்கு ஒரு சொல்லும் புரியாது. ஏழாம் மாத மேடைகளில் பாதிக்கு மேல் இடத்தைக் கெத்தாய் என்னும் பாட்டுக் கச்சேரி பிடித்துக்கொண்டதாகவே எனக்குப் படுகிறது. ஆனாலும் விடாமல் பிடித்துக்கொண்டவர்களும் உண்டு. தியோச்சூ இசைக்கும் கூத்துக்குமான ‘ஏர் வூ’ சங்கம் 1912-இல் தொடங்கியது. கூத்துக்கு இடம் தந்த கிரேத்தா ஆயர் மக்கள் அரங்கம் 1969-இல் திறந்தது. 1981-இல் கூத்துக் கலைஞர் ஜோவானா வோங் சீனக் கூத்துக்கென ஒரு குழுவை நிறுவினார்.

இனி, தமிழில் என்ன சொல்வது?

‘சீன ஓபரா’ என்று எழுதுகிறோம். ஓபரா இத்தாலிய வழியாக வந்த சொல், மூலத்தில் ‘வேலை, ஆக்கம்’ என்று பொருள். ஐரோப்பியர் தங்கள் கலைக்கு வைத்த பெயரைச் சீனத்துக்கும் மாட்டிவிட்டார்கள். அதை நாம் கைமாற்றாக வாங்கினோம். அந்தச் சொல் கேட்டதும் மனத்தில் வருவது வெல்வெட் இருக்கை. கித்தான் கூரையும் ஊதுபத்தியும் வருவதில்லை. ஹாங்காங்கில் 2019-இல் திறந்த பெரிய கலையரங்குக்கு ஆங்கிலத்தில்கூட ஓபரா என்று பெயரிடாமல் ‘சீ ச்சூ’ மையம் என்றே பெயர் வைத்தார்கள்.

‘சீன நாடகம்’ என்றால் இன்றைய வாசகர் தொலைக்காட்சித் தொடரை நினைப்பார். ‘இசைநாடகம்’ பரவாயில்லை, ஆனால் சண்டையும் ஆட்டமும் அதில் விடுபட்டுப் போகும். சீனக் கலைஞர்கள் பாடுவது, பேசுவது, நடிப்பது, பொருதுவது என நான்கையும் பயில்கிறார்கள்.

என் கணிப்பில் பொருத்தமானது ‘சீனக் கூத்து’. ஆட்டம், பாட்டு, வசனம் எல்லாம் பிரிக்காமல் அடங்கும் சொல் அது. மலைபடுகடாத்துக்குக் கூத்தராற்றுப்படை என்றொரு பெயர் உண்டு. அவ்வளவு பழைய சொல். திரௌபதி அம்மன் திருவிழாவில் ஆடும் தெருக்கூத்தில், திரைக்குப் பின்னிருந்து வரும் வேடம் தன்னைத் தானே அறிமுகப்படுத்திப் பாடும். சீன மேடையிலும் அதே முறை. சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயிலிலும் தீமிதி திரௌபதி அம்மனுக்குத்தானே நடக்கிறது! ஆனாலும் ‘சீனத் தெருக்கூத்து’ என்று முழுதாகச் சொல்ல எனக்குத் தயக்கம். தெருக்கூத்து என்பது வடதமிழகத்தின் ஒரு தனிக் கலைக்குப் பெயராகிவிட்டது. தெருவில் நடப்பது என்று அழுத்த வேண்டிய இடத்தில் மட்டும் அதைப் பயன்படுத்தலாம்.

இன்னொரு காரணமும் இருக்கிறது. வாயாங்குக்கு நேர்ந்தது கூத்துக்கும் நேர்ந்திருக்கிறது. “என்ன கூத்து இது?” என்று கேட்கிறோம், “நாடகம் ஆடாதே” என்று அதட்டுகிறோம், ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்கிறோம். கலையைக் குறித்த சொல் கேலிக்கும் பொய்க்கும் இறங்கிவந்தது. சீனத்திலும் நடிகரைக் குறிக்கும் பழைய சொல் ஒன்று இப்படியே இழிசொல்லாகிப் போனது. ஆகவே அலுவலகத்துப் பாசாங்கைச் சொல்லும் வாயாங்குக்கும் நம்மிடம் சொல் இருக்கிறது. “சும்மா நாடகம்” என்றால் போதும், அதே சூடு வரும்.

எழுதும்போது நான் கடைப்பிடிப்பது இதுதான். கலையைச் சொன்னால் சீனக் கூத்து. எந்த மொழிக்கூத்து என்று தெரிந்தால் தியோச்சூக் கூத்து, கேண்டனீஸ் கூத்து என்று பிரித்தே சொல்வது நல்லது. ஆடுகிறவர்களுக்கு அந்த வேறுபாடு பெரிது. சிங்கப்பூர்க்காரர் ஒருவரின் நினைவையோ பேச்சையோ எழுதினால் வாயாங் என்றே விட்டுவிடலாம், முதல் தடவை மட்டும் ‘கோயில் வாசலில் ஆடும் சீனக் கூத்து’ என்று ஒரு வரி சேர்த்து. இடப்பெயரை மட்டும் மொழிபெயர்க்கக் கூடாது. வாயாங் ஸ்திரீட் வாயாங் ஸ்திரீட்தான். ஹெய் யுவென் ஹௌ காய் என்று எழுத நேர்ந்தால், அது மாரியம்மன் கோயிலை ஒட்டிய தெரு என்றும் பக்கத்தில் குறித்துவிடுங்கள்.