விடிகாலையில் புளிக்கும் செடி

"கள்ளிச்செடி ராத்திரியில் ஆக்சிஜன் விடுமாமே, படுக்கையறையில் வைக்கலாமா?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். தாராளமாக வைக்கலாம், கை படாத இடமாகப் பார்த்து. ஆனால் ஆக்சிஜன் கதை தப்பு. எந்தச் செடியிலும் அது உண்டாவது வெளிச்சத்தில்தான். இரவில் கள்ளி செய்யும் வேலை வேறு. வாட்ஸ்அப் வதந்தியைவிட அது எவ்வளவோ சுவாரசியம்.

அமெரிக்காவில், அரிசோனாவின் சொனோரன் பாலைவனத்தில், பாறை மலைச்சரிவுகளில் நிற்கும் சகுவாரோ கள்ளியைப் பார்ப்போம். 12 மீட்டர்கூட வளரும். மழை பெய்தால் உடம்பின் மடிப்புகள் விரிந்து உப்பும்; வறட்சியில் சுருங்கும். நீரைச் சேர்ப்பது சரி, செலவழிக்காமல் இருப்பது எப்படி?

தோலிலுள்ள துளைகளைத் திறந்தால்தான் கார்பன் டை ஆக்சைடு உள்ளே வரும். திறந்தாலோ நீராவி வெளியே ஓடிவிடும். 40 டிகிரி வெயிலில் அது தற்கொலை. எனவே சகுவாரோ பகலில் கதவைச் சாத்திக்கொண்டு, குளிர்ந்த இரவில் திறக்கிறது. இரவில் ஒளிச்சேர்க்கைக்கு வெளிச்சம் ஏது? அதனால் பிடித்த வாயுவை மாலிக் அமிலமாக்கி, செல்லுக்குள் இருக்கும் குமிழ்ப்பையில் நிரப்பி வைக்கிறது. பச்சை ஆப்பிளின் புளிப்பும் இதே அமிலம்தான். விடிந்ததும் கதவு மூடும். பையிலிருந்து அமிலம் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து, உடைந்து, மறுபடி கார்பன் டை ஆக்சைடு ஆகும். வெயில் தயார், சர்க்கரை தயார். சாயங்காலத்துக்குள் பை காலி.

இதை முதலில் காட்டிக்கொடுத்த கருவிகளில் ஒன்று நாக்கு! இந்தியாவில் பணியாற்றிய தாவரவியலாளர் பெஞ்சமின் ஹைன், இதே வித்தை தெரிந்த, தடித்த இலைகள் கொண்ட ரணகள்ளியின் இலை காலையில் புளிக்கிறது, நண்பகலில் சப்பென்று இருக்கிறது, மாலையில் லேசாகக் கசக்கிறது என்று எழுதிய கடிதம் 1815இல் அச்சானது. மென்று பார்க்கத் துணிந்த அந்த மனிதர்மேல் எனக்குத் தனிப் பிரியம்.

இதற்கு ஒரு விலை உண்டு. இரவில் பை கொள்ளுகிற அளவுதான் மறுநாள் சமையல். சகுவாரோ முதல் எட்டு ஆண்டுகளில் 4 சென்டிமீட்டர்கூடத் தாண்டாது என்பதற்கு இதுவும் ஒரு காரணம். மூன்று வருட நிதியும் முடிவில் ஓர் அறிக்கையும் என்று ஓடும் ஆராய்ச்சிக்கு இந்தச் செடி பிடிபடாது. டூசான் நகரை ஒட்டிய டுமமாக் குன்றில் 1903இல் தொடங்கிய பாலைவன ஆய்வகத்தார், அங்குள்ள சகுவாரோக்களை நூறாண்டுக்கு மேலாகத் தலைமுறை தலைமுறையாக எண்ணி வருகிறார்கள். அந்தக் கணக்கை முதலில் எழுதியவர் ஒருவர்கூட இன்று இல்லை. கள்ளிகளில் சில இருக்கின்றன.