போட்டி பார்க்கப் போய் அடிபட்டால்: எது உங்கள் பொறுப்பு, எது நடத்துபவரின் பொறுப்பு

கிரிக்கெட் டிக்கெட்டில் பொடி எழுத்தில் ஒரு நிபந்தனை இருக்கும்: மைதானத்துக்குள் நேரும் காயத்துக்கோ இழப்புக்கோ நிர்வாகம் பொறுப்பல்ல. ஜல்லிக்கட்டுத் திடலில் இதையே ஒலிபெருக்கியில் சொல்வார்கள். அடிபட்ட பலர் இதை நம்பி, ஆஸ்பத்திரிச் செலவைத் தாங்களே ஏற்றுக்கொண்டு ஒதுங்கிவிடுகிறார்கள். அப்படி ஒதுங்க வேண்டியதில்லை. அந்த ஒரு வரியால் நடத்துபவரின் எல்லாப் பொறுப்பும் நீங்கிவிடாது.

தமிழ்நாட்டில் பார்வையாளர் காயத்துக்கென்று தனி இழப்பீட்டுச் சட்டம் இல்லை. கவனக்குறைவு பற்றிய பொதுவான சட்டக் கொள்கை, நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, குற்றங்களுக்கான சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா, ஜல்லிக்கட்டு என்றால் 2017-ஆம் ஆண்டின் விதிகள் ஆகியவற்றைச் சேர்த்துத்தான் வழக்கு நடக்கும். இவை அனைத்துக்கும் அடியில் இருக்கும் கேள்வி ஒன்றுதான்: காயம் விளையாட்டால் வந்ததா, ஏற்பாட்டில் இருந்த ஓட்டையால் வந்ததா?

விளையாட்டோடு பிறந்த ஆபத்தைப் பார்வையாளர் தெரிந்தே ஏற்றுக்கொள்கிறார் என்பது பழைய கொள்கை. இங்கிலாந்துத் தீர்ப்புகளிலிருந்து நம் நீதிமன்றங்களுக்கு வந்தது. அது எவ்வளவு கடுமையாகப் போகும் என்பதற்கு 1951-இல் லண்டன் ஐஸ் ஹாக்கி அரங்க வழக்கு ஒன்று உண்டு. முன்வரிசையில் இருந்த ஆறு வயதுச் சிறுவனின் கண்ணில் ஆட்டத்தின் வட்டு பட்டது. அது ஆட்டத்திலேயே அடங்கிய ஆபத்து என்று சொல்லி, அரங்கத்தார் பொறுப்பல்ல எனத் தீர்ப்பானது. ஆகவே சிக்சர் பந்து கேலரிக்குள் வந்து மூக்கில் பட்டால், அதை மட்டும் வைத்து இழப்பீடு வாங்குவது கடினம்.

அந்த ஒப்புதல் அதோடு முடிகிறது. கேலரியின் சவுக்குக் கம்பு முறிந்து விழுவதற்கு யாரும் ஒப்புதல் தருவதில்லை. ஆட்டம் முடிந்து ஆயிரக்கணக்கானோர் இறங்கும்போது மூன்று வாசலில் இரண்டைப் பூட்டி வைத்திருப்பதும், இருக்கும் இடத்தைவிட அதிகமாக டிக்கெட் விற்பதும், அறுந்த வலையை மாற்றாமல் விடுவதும், ஆம்புலன்ஸ் நுழையும் வழியில் வண்டிகளை நிறுத்தவிடுவதும் அப்படியே. 2021 மார்ச்சில் தெலங்கானாவின் சூர்யாபேட்டையில் தேசிய ஜூனியர் கபடிப் போட்டியின் கேலரி சரிந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள். கபடி பார்ப்பதில் அப்படி ஓர் ஆபத்து இயல்பாக இல்லை. அது கட்டுமானக் குறை.

‘கேலரி கட்டியது காண்ட்ராக்டர், அவரைக் கேளுங்கள்’ என்பது நடத்துபவர்கள் உடனே எடுக்கும் பதில். இதற்கு உச்ச நீதிமன்றத் தீர்ப்பே கையில் இருக்கிறது. 2006-இல் மீரட் விக்டோரியா பார்க்கில் நடந்த பொருட்காட்சியில் தீப்பிடித்து அறுபதுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். பந்தல் போட்டது காண்ட்ராக்டர் என்று அமைப்பாளர்கள் வாதிட்டதை 2022-இல் நீதிமன்றம் ஏற்கவில்லை. இழப்பீட்டில் 60 சதவீதம் அமைப்பாளர்கள், 40 சதவீதம் மாநில அரசு என்று பிரித்தது. விளையாட்டுப் போட்டி இல்லைதான். ஆனாலும் கூட்டத்தை அழைத்தவர் பாதுகாப்பையும் உறுதி செய்ய வேண்டும் என்ற அடிப்படை இங்கும் பொருந்தும்.

பொடி எழுத்து நிபந்தனைக்கு வருவோம். சலவைக்கடை ரசீதின் பின்னால், துணி தொலைந்தால் விலையில் சிறு பங்குதான் தருவோம் என்று அச்சிட்டிருந்ததைச் சென்னை உயர் நீதிமன்றம் 1960-களிலேயே செல்லாது என்றது. துணிக்கே அப்படி என்றால் உயிருக்கும் உடம்புக்கும் அந்த வாதம் இன்னும் வலுவாக நிற்கும். 2019 சட்டத்தில் நியாயமற்ற ஒப்பந்தம் என்று தனி வரையறையும் இருக்கிறது. அப்படிப்பட்ட நிபந்தனையைச் செல்லாது என அறிவிக்கும் அதிகாரம் மாநில, தேசிய ஆணையங்களுக்கு உண்டு. மாவட்ட ஆணையத்தில் இழப்பீடு கேட்கும்போதும் இந்த வாதத்தை மனுவில் எழுதிவிடுங்கள்.

உங்கள் பக்கத் தவறும் கணக்கில் வரும். தடுப்பைத் தாண்டிக் குதித்தது, கேலரிக் கூரையில் ஏறியது, காவலர் எச்சரித்தும் நகராதது எல்லாம் இழப்பீட்டைக் குறைக்கும். குறைக்கும் என்றுதான் சொல்கிறோம். அடியோடு அழிக்கும் என்பதில்லை. மொத்த இழப்பு 10 லட்சம் என்று கணக்கிட்டு, உங்கள் தவறு 40 சதவீதம் என்று முடிவானால் 6 லட்சம் கிடைக்கும். சிறுவர்களைப் பெரியவர்களின் அளவுகோலால் நீதிமன்றங்கள் அளப்பதில்லை.

ஜல்லிக்கட்டில்

மஞ்சுவிரட்டு, வடமாடு, எருதுவிடும் விழா ஆகியவையும் 2017 சட்டத் திருத்தத்தின்படி ஜல்லிக்கட்டில் அடங்கும். மாவட்ட ஆட்சியரிடம் எழுத்தில் விண்ணப்பித்து அனுமதி பெற்றே நடத்த வேண்டும். கேலரிக்குப் பொதுப்பணித் துறையின் சான்று வேண்டும். மாடு ஓடும் பாதைக்கும் கூட்டத்துக்கும் நடுவே 8 அடி உயர இரட்டைத் தடுப்பு வேண்டும். ஒற்றைத் தடுப்பில் மோதும் காளை கம்புகளோடு கூட்டத்துக்குள் வந்துவிடும் என்பதால்தான் இரண்டு. வழக்கில் முதலில் இவற்றைத்தான் பார்ப்பார்கள். சான்று இல்லாத கேலரி சரிந்தால் விழாக் குழு தப்புவது கடினம். தடுப்பே போடாத இடத்தில், ‘அவராகத்தான் உள்ளே வந்தார்’ என்றும் வாதாட முடியாது. உள்ளே எது, வெளியே எது என்று காட்ட வேண்டியது குழுவின் வேலை.

நமக்கு அதிகக் கவலை தருவது வாடிவாசல் அல்ல, கலெக்‌ஷன் பாயிண்ட். களத்தைத் தாண்டிய காளையை உரிமையாளர் பிடிக்கும் இடம் அது. காளை வேகம் குறையாமல் அங்கேதான் வருகிறது. கயிற்றோடு நிற்கும் உரிமையாளர்களுக்கு நடுவே வேடிக்கை பார்ப்பவர்களும் நிற்கிறார்கள். அங்கே பார்வையாளர் நிற்கவே கூடாது. நின்று குத்துப்பட்டால் உங்கள் தவறின் பங்கு பெரிதாகவே மதிப்பிடப்படும். ஆனால் அந்த இடம் வரை பொதுவழி திறந்து கிடந்தது, தடுக்க ஆளில்லை என்று காட்ட முடிந்தால் குழுவின் பங்கும் கூடும்.

சிவகங்கைப் பக்க மஞ்சுவிரட்டில் தொழுவத்துக்கு வெளியே பொட்டலிலும் வயலிலும் கட்டுமாடுகளை அவிழ்த்துவிடுவது உண்டு. அந்த மாடு தங்கள் பதிவேட்டில் இல்லை என்று குழு கைவிரிக்கும். அப்போது அனுமதியின்றி அவிழ்த்த உரிமையாளரையும் எதிர்தரப்பில் சேர்க்க வேண்டும். மாட்டின் நிறம், கொம்பு, கழுத்துத் துணி தெரியும்படி வீடியோ கிடைத்தால் ஆளைக் கண்டுபிடிப்பது எளிது.

அடிபட்டவுடன்

அரசு மருத்துவமனையில் எப்படி அடிபட்டது என்று கேட்டு ஏ.ஆர். எனப்படும் விபத்துப் பதிவு போடுவார்கள். அங்கே ‘கீழே விழுந்துவிட்டார்’ என்று மட்டும் சொல்வதுதான் பின்னால் வழக்கைக் கெடுக்கும் பெரிய தவறு. ‘இன்ன போட்டியில், இன்ன கேலரி சரிந்து’ என்று முழுதாகச் சொல்லிப் பதிவு செய்யச் சொல்லுங்கள், பிறகு ஏ.ஆர். காப்பி வாங்குங்கள். அடுத்து காவல் நிலையம். புகாரைப் பெற்றதற்குத் தரும் சி.எஸ்.ஆர். ரசீதோடு நிற்காமல் முதல் தகவல் அறிக்கை கேளுங்கள். அதன் நகல் இலவசம். கவனக்குறைவால் கொடுங்காயம் என்றால் பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 125, உயிரிழப்பு என்றால் பிரிவு 106.

சிசிடிவி பதிவு சில நாட்களில் தானாக அழிந்துவிடும். அதைப் பாதுகாத்து வைக்கும்படி நடத்துபவருக்கும் காவல் நிலையத்துக்கும் அந்த வாரமே பதிவுத் தபால் அனுப்புங்கள். டிக்கெட், வாசல் எண், கேலரி எண், முறிந்த கட்டையின் படம், பக்கத்தில் இருந்த இரண்டு மூன்று பேரின் தொலைபேசி எண் எல்லாம் வேண்டும். ஆட்சியரின் அனுமதி ஆணையையும் கேலரிச் சான்றையும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தில் கேட்கலாம். 30 நாளில் பதில் தர வேண்டும். சான்றே இல்லை என்று பதில் வந்தால் அதுவே உங்கள் முக்கிய ஆவணம்.

எங்கே வழக்கு

டிக்கெட் வாங்கியிருந்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையம்தான் நல்ல வழி. நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். சென்னையில் நடந்த போட்டிக்காகத் தேனிக்காரர் சென்னைக்கு அலைய வேண்டாம். எந்த ஆணையம் என்பதை, கேட்கும் இழப்பீட்டை வைத்து அல்ல, கொடுத்த விலையை வைத்தே முடிவு செய்கிறார்கள். 1,500 ரூபாய் டிக்கெட்டுக்கு 20 லட்சம் கேட்டாலும் மாவட்ட ஆணையம்தான். கொடுத்த விலை 5 லட்சம் வரை இருந்தால் மனுக் கட்டணம் கிடையாது. சம்பவ நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் போட வேண்டும். நண்பர் வாங்கித் தந்த டிக்கெட்டும் செல்லும், பயனாளியும் நுகர்வோரே. இலவச பாஸில் போனவருக்கு இது சற்றுச் சிக்கல்தான். ஆனால் பணம் கொடுத்தவர்களுக்கு நடுவே இலவசமாகப் பெறுபவரும் நுகர்வோரே என்று 1995-இல் மருத்துவச் சேவை வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதை அவர் எடுத்துக்காட்டி வாதாடலாம். சந்தேகங்களுக்கு 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையம்.

எல்லோருக்கும் இலவசமான ஜல்லிக்கட்டுக்கு இந்த ஆணையம் உதவாது. உரிமையியல் நீதிமன்றம் போக வேண்டும். இறந்தவரின் குடும்பம் 1855-ஆம் ஆண்டின் உயிரிழப்பு விபத்துச் சட்டத்தின்படி 2 ஆண்டுக்குள் வழக்குப் போட வேண்டும். மாவட்ட நிர்வாகமே நடத்திய விழா என்றால் வழக்குக்கு 2 மாதம் முன்பே அரசுக்கு நோட்டீஸ் கொடுக்க வேண்டும். அதையும் சேர்த்துக் காலத்தைத் திட்டமிடுங்கள். பதிவு செய்யாத விழாக் குழுவாக இருந்தால் குழுவின் பெயரை மட்டும் போடாதீர்கள். அனுமதிக்கு விண்ணப்பித்துக் கையெழுத்திட்டவர்களின் பெயர்களையும் சேருங்கள். தீர்ப்பு வந்த பிறகு பணத்தை வசூலிக்க ஆள் வேண்டும்.

முதலமைச்சர் நிவாரண நிதி அறிவித்தால் வாங்கிக்கொள்ளலாம். அது கருணைத் தொகை. இழப்பீட்டு உரிமையை அது முடிப்பதில்லை. ஆனால் விழாக் குழுவோ அரங்கத்தாரோ பணம் கொடுத்து, ‘இனி எந்தக் கோரிக்கையும் இல்லை’ என்று எழுதிய தாளை நீட்டினால் ஆஸ்பத்திரிக் கட்டிலில் வைத்துக் கையெழுத்துப் போடாதீர்கள். அந்தத் தாளை முதலில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவிடம் காட்டுங்கள். பெண்கள், பட்டியல் சாதி, பழங்குடியினர், வருமானம் குறைந்தோர் உள்ளிட்டோருக்கு அங்கே வழக்கறிஞர் இலவசம். தொலைபேசி எண் 15100.