கருவிழிக்கு ஒரு கொலாஜன் ஏடு

மீன் வாங்கப் போகிறவர்கள் முதலில் பார்ப்பது அதன் கண்ணைத்தான். தெளிந்து பளபளத்தால் புதிய மீன். பால் கலந்தாற்போல் வெளிறியிருந்தால் பழைய மீன். அந்த வெளிறல் வெளியிலிருந்து படிந்த அழுக்கன்று. கண்ணின் முகப்பில் இருக்கும் கார்னியா என்ற படலம், உயிர் போனபின் தன் தெளிவைக் காத்துக்கொள்ள முடியாமல் மங்கிவிடுகிறது. மனிதக் கண்ணிலும் இதுவே நடக்கும். கார்னியாவின் தெளிவு, சன்னல் கண்ணாடியின் தெளிவைப்போல ஒருமுறை செய்து முடித்தாகிவிட்ட ஒன்றல்ல. உயிருள்ளவரை கண் உழைத்துக் காப்பாற்றிவரும் ஒன்று. பழுதான கார்னியாவுக்கு ஈடாக ஒரு பொருளைச் செய்ய முனைகிறவர்கள் முதலில் எதிர்கொள்ளும் சிக்கல் இதுதான்.

பேச்சு வழக்கில் அதைக் கருவிழி என்கிறோம். ஆனால் கார்னியாவுக்கென்று நிறம் கிடையாது. பின்னாலுள்ள ஐரிஸ் என்ற நிறமுள்ள திரையின் கருமைதான் அதனூடே தெரிகிறது. நடுப்பகுதியில் அரை மில்லிமீட்டரைச் சற்றே தாண்டும் தடிமன் கொண்ட இந்தப் படலம், கண்ணின் ஒளி குவிக்கும் திறனில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கைத் தருகிறது. அதன் தடிமனில் பத்தில் ஒன்பது பங்கு ஸ்ட்ரோமா என்னும் நடு அடுக்கு. இந்த அடுக்கில் 200-க்கு மேற்பட்ட மெல்லிய ஏடுகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்துள்ளன. ஒவ்வோர் ஏட்டிலும் சுமார் 30 நானோமீட்டர் தடிமனுள்ள, கொலாஜன் என்ற புரதத்தாலான இழைகள், தறியில் ஓட்டிய பாவு நூல்களைப்போல ஏறக்குறைய சீரான இடைவெளியில் ஓடுகின்றன. தோலில் இருப்பதும் தசைநாணில் இருப்பதும் இதே கொலாஜன்தான், ஆனால் அவற்றின் ஊடே எதையும் பார்க்க முடிவதில்லை. வேறுபாடு பொருளில் இல்லை, அடுக்கில் இருக்கிறது. இழைகள் நுண்மையாகவும் ஒழுங்காகவும் அமைந்திருப்பதால், அவை பக்கவாட்டில் சிதறடிக்கும் ஒளியலைகள் ஒன்றையொன்று அழித்துவிட, நேராகச் செல்லும் ஒளி மட்டும் மிஞ்சுகிறது என்று 1957-இல் கண் ஆய்வாளர் டேவிட் மாரிஸ் விளக்கினார்.

இந்த ஒழுங்கைக் கெடுக்கக்கூடியது தண்ணீர். ஸ்ட்ரோமா இயல்பிலேயே நீரை உறிஞ்சி ஊதும் தன்மையுடையது. உட்புறத்தில் ஒரே ஒரு செல் கனத்தில் படர்ந்திருக்கும் எண்டோதீலியம் என்ற அடுக்கு, கசிவுள்ள படகில் ஓயாமல் நீர் இறைப்பவனைப்போல, உள்ளே புகும் நீரை வெளியேற்றிக்கொண்டே இருக்கிறது. இறைப்பது நின்றால் ஸ்ட்ரோமா ஊதும், இழைகளின் இடைவெளி குலையும், கண் மங்கும்.

பழுதடைந்த கார்னியாவுக்கு இன்றும் முதன்மையான மருத்துவம், இறந்தவர் ஒருவரின் கார்னியாவை எடுத்துப் பொருத்துவதே. 1905-இல் கண் மருத்துவர் எடுவார்ட் ஸிர்ம் இதை முதன்முதலில் வெற்றிகரமாகச் செய்தார். கண் தானம் என்று நாம் சொல்வதில் பெரும்பாலும் பயன்படுவதும் கார்னியாதான். ஆனால் தேவைப்படும் 70 பேருக்கு ஒரு கார்னியாவே கிடைக்கிறது என்று 2016-இல் வெளியான உலகளாவிய ஆய்வு ஒன்று மதிப்பிட்டது. தெளிவான பிளாஸ்டிக்கை வைத்துவிடலாமே என்று தோன்றும். அத்தகைய செயற்கைக் கார்னியாக்கள் உண்டு, வேறு வழியே இல்லாத கண்களுக்குப் பயன்படுகின்றன. ஆனால் பிளாஸ்டிக்கினுள் செல்கள் குடியேறுவதில்லை, நரம்புகள் வளர்வதில்லை. கண்ணுக்குள் அது என்றும் விருந்தாளியாகவே இருந்துவிடுகிறது.

எனவே கொலாஜனிடமே திரும்பினார்கள். சுவீடனின் லின்ஷோப்பிங் நகரில் மே கிரிஃபித், பெர் ஃபாகர்ஹோம் ஆகியோர் தலைமையில், ஈஸ்ட் செல்களைக் கொண்டு தயாரித்த மனிதக் கொலாஜனால் ஆன படலத்தைப் பத்து நோயாளிகளுக்குப் பொருத்தினார்கள். 2010-இல் வெளியான இரண்டாண்டு முடிவுகளின்படி, நோயாளிகளின் சொந்தச் செல்களும் நரம்புகளும் அந்தப் படலத்துக்குள் வளர்ந்திருந்தன. பத்தில் ஆறு பேருக்குப் பார்வை மேம்பட்டிருந்தது. கண் அதைத் தன்னுடையதாக ஏற்றுக்கொள்கிறது என்பது உறுதியாயிற்று. ஆனால் படலம் மென்மையானது. அதைப் பிடித்துவைக்கப் போட்ட தையல்களே ஆறுவதைத் தாமதப்படுத்தின.

வலிமையை எப்படிக் கூட்டுவது? ஆட்டுக்கால் சூப் ஆறியதும் உறைந்து நிற்பது கொலாஜனிலிருந்து பிரிந்த ஜெலட்டினால்தான். சற்றே சூடு பட்டால் இளகிவிடும். அதே கொலாஜன் நிறைந்த ஆட்டுத்தோல், ஆம்பூரிலும் ராணிப்பேட்டையிலும் பதனிட்டு வெளிவரும்போது ஆண்டுக்கணக்கில் உழைக்கும் செருப்பாகிறது. பதனிடுவது என்பது, வேதியியல்படி, கொலாஜன் இழைகளை ஒன்றோடொன்று பிணைப்பதே. கண்ணுக்கும் பிணைப்புதான் தேவை, ஆனால் நச்சு எதுவும் தங்கக் கூடாது, தெளிவும் குறையக் கூடாது.

அதே லின்ஷோப்பிங்கில் மெஹ்ர்தாத் ரஃபாத், நீல் லகாலி குழுவினர் பன்றித்தோலிலிருந்து எடுத்துத் தூய்மைப்படுத்திய கொலாஜனை இருமுறை பிணைத்தார்கள்: முதலில், இழைகளைச் சேர்த்துவிட்டுத் தான் கழுவப்பட்டுப் போய்விடும் ஒரு வேதிப்பொருளால், பிறகு, வைட்டமின் பி2 ஆகிய ரிபோஃபிளேவினை ஊறவைத்துப் புறஊதாக் கதிரைப் பாய்ச்சி. கிடைத்தது செல்களே இல்லாத, தெளிவான, வலுவான ஓர் ஏடு. தானமாகப் பெற்ற கார்னியாவை இரண்டு வாரத்துக்குள் பயன்படுத்தியாக வேண்டும். இதை இரண்டாண்டு வரை வைத்திருக்கலாம்.

பொருளைவிட, அதை வைக்கும் முறைதான் எனக்கு அதிக வியப்பைத் தருகிறது. கார்னியா மெலிந்து கூம்பாகப் பிதுங்கும் கெரட்டோகோனஸ் நோயில் நோயாளியின் திசு எதையும் வெட்டி எடுப்பதில்லை. ஃபெம்டோசெகண்ட் லேசர் என்னும், மிகமிகக் குறுகிய ஒளித்துடிப்புகளால் நுட்பமாக வெட்டும் கருவியால் கார்னியாவின் உள்ளேயே ஒரு பை போன்ற இடைவெளியை உண்டாக்கி, இரண்டு மில்லிமீட்டர் அளவுள்ள கீறல் வழியாக ஏட்டைச் செருகிவிடுகிறார்கள். மெலிந்த இடம் தடிக்கிறது, கூம்பு தட்டையாகிறது, தையல் தேவையில்லை. புது தில்லி எய்ம்ஸிலும் ஈரானிலுமாக 20 பேருக்கு இவ்வாறு செய்யப்பட்டது. முன்பு அவர்களில் 14 பேர் பார்வையற்றோர் என்ற வரையறைக்குள் இருந்தார்கள். ஈராண்டுக்குப் பின் எவரும் அவ்வாறு இல்லை. இந்தியர்களில் மூவர், கண்ணாடியோ கான்டாக்ட் லென்ஸோ அணிந்து, 20/20 என்னும் முழு அளவை எட்டினர். முடிவுகள் 2022-இல் வெளியாயின. இருபது பேர் என்பது சிறிய எண்ணிக்கை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

இந்த ஏடு எல்லாக் கண்ணுக்கும் பொருந்தாது. உள்ளே நீர் இறைக்கும் செல்கள் அழிந்திருந்தால், எவ்வளவு நல்ல கொலாஜனை வைத்தாலும் அதுவும் ஊறி ஊதத்தான் போகிறது. மனிதரிடம் அந்தச் செல்கள் தாமாகப் பெருகுவதுமில்லை. அதற்கு ஜப்பானில் ஷிகெரு கினோஷிதா குழுவினர் வேறு வழி கண்டார்கள். தானமாகப் பெற்ற எண்டோதீலியச் செல்களை ஆய்வகத்தில் வளர்த்துப் பெருக்கி, கார்னியாவுக்கும் ஐரிஸுக்கும் இடையே உள்ள முன்னறைக்குள் ஊசியால் செலுத்தினார்கள். பதினொரு நோயாளிகளின் முடிவுகள் 2018-இல் வெளியாயின. ஊசி போட்டதும் நோயாளி மூன்று மணி நேரம் குப்புறப் படுத்திருக்க வேண்டும். அப்போதுதான் செல்கள் மெல்லக் கீழிறங்கிக் கார்னியாவின் உட்புறத்தில் ஒட்டிக்கொள்ளும்.