உலையிலிருந்து முழுசாக வந்துவிட்டால் போதுமா?

இரண்டு வேறு செராமிக் துண்டுகளைக் கண்ணாடி பிரேசிங்கில், அதாவது நடுவில் கண்ணாடியை உருக்கி, ஒட்ட நினைப்பவர்கள் முதலில் கேட்பது, கண்ணாடி எத்தனை டிகிரியில் உருகும், எத்தனை நிமிஷம் வைக்க வேண்டும் என்பதுதான். தப்பான கேள்வி இல்லை. ஆனால் என் மேசைக்கு விரிசலோடு வந்த இணைப்புகளில் பெரும்பாலானவை ஆறும்போது கெட்டவை.

செராமிக் வகைகளில், ஒரு டிகிரி சூடேறினால் ஒரு மீட்டர் அலுமினா சுமார் 8 மைக்ரான் விரியும், சிலிக்கான் கார்பைடு சுமார் 4 தான். 100 மி.மீ. துண்டுகளை 600 டிகிரி ஆறவிட்டால் ஒன்று மற்றதைவிட ஏறக்குறைய கால் மில்லிமீட்டர் கூடுதலாகச் சுருங்கப் பார்க்கும். குழைவாக இருக்கும்வரை கண்ணாடி நெளிந்து கொடுத்துவிடும், இறுகிய பிறகு மிச்சமுள்ள சுருக்க வித்தியாசம் ஓரிடத்தில் இழுப்பாகவும் இன்னோரிடத்தில் அழுத்தமாகவும் உள்ளேயே தங்கும். அழுத்தத்தை நன்றாகத் தாங்கும் கண்ணாடி, இழுப்பைத் தாங்காது.

ஒருமுறை அலுமினா வளையத்துக்குள் சிர்கோனியா குழாயை வைத்து ஒட்டியிருந்தோம். பளபளவென்று வந்தது, ஹீலியம் வாயு இணைப்பின் வழியே கசிகிறதா என்று பார்க்கும் சோதனையிலும் தேறியது. மூன்றாம் நாள் விளக்கைச் சாய்த்துப் பார்த்தால், முடி மாதிரி ஒரு கோடு. சிவப்புச் சாயத்தைத் தடவித் துடைத்து மேலே வெள்ளைப் பொடி தூவினேன், அந்தக் கோடு சிவப்பாக ஊறி வெளியே வந்தது. காரணம் எளிது: சிர்கோனியாவின் விரிவு அதே கணக்கில் சுமார் 10.5 மைக்ரான், அது உள்ளே இருந்துகொண்டு கூடுதலாகச் சுருங்கி, கண்ணாடியை வளையத்திலிருந்து பிய்த்து இழுத்திருக்கிறது. அப்புறம் காற்றின் ஈரம் சேர்ந்துகொண்டது, இழுவிசையில் இருக்கும் கண்ணாடியின் கண்ணுக்குத் தெரியாத கீறலைத் தண்ணீர் மெல்ல மெல்ல வளர்க்கும், அதனால்தான் முதல் நாள் ஒன்றும் தெரியவில்லை.

அடுத்த முறை சிர்கோனியாவை வெளியே வைத்தோம். ஆறும்போது அது உள்ளே இருப்பதை இறுக்கிப் பிடிக்கும், கண்ணாடி அழுத்தத்தில் இருக்கும். ஆனால் இப்போது இழுப்பு வெளி வளையத்துக்குப் போய்விடுகிறது, அதனால் அதை மெல்லியதாக வைக்கக் கூடாது.

கண்ணாடிப் பொடியைப் பசையாகப் பிடித்து வைக்கும் பைண்டர், கண்ணாடி இளகுவதற்கு முன்பே முழுதாக எரிந்து போயிருக்க வேண்டும், இல்லையென்றால் குமிழி. சில கண்ணாடிகள் சூட்டில் படிகமாகி விரிவையே மாற்றிக்கொள்ளும், அதையும் சோதித்துவிடுங்கள்.

உலையை அணைத்துவிட்டுத் தானாக ஆறட்டும் என்று தயவுசெய்து போய்விடாதீர்கள். கண்ணாடி இறுகும் வெப்பநிலைப் பகுதியில் நிறுத்தி, நிமிஷத்துக்கு ஓரிரு டிகிரி என்று இறக்குங்கள். ஒட்டிய துண்டை ஒரு வாரம் வைத்திருந்து, திரும்பவும் சாயம் தடவிப் பார்த்த பிறகு அனுப்புங்கள்.