கட்டணம் கட்டும் முன் விதிப்பக்கத்தைப் படியுங்கள்

குதிரைப் பந்தயக் கணிப்புப் போட்டிகளுக்கு விதி எழுதுவதும் புள்ளி சரிபார்ப்பதும் என் வேலை. சேர வருகிறவர்கள் முதலில் கேட்பது, "முதல் பரிசு எவ்வளவு?" நானோ பரிசுத்தொகையை விட்டுவிட்டு, ஒரு குதிரையால் கிடைக்கும் புள்ளிக்கான உச்சவரம்பு பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று பார்ப்பேன்.

அமெரிக்காவில் 2000-இல் தொடங்கிய நேஷனல் ஹேண்டிகேப்பிங் சாம்பியன்ஷிப்பில், பந்தயத்துக்கு ஒரு குதிரைமேல் கற்பனையாக 2 டாலர் வின் (முதலாவதாக வரும் என்று), 2 டாலர் பிளேஸ் (முதல் இரண்டு இடங்களுக்குள் வரும் என்று) கட்ட வேண்டும்; திரும்பக் கிடைக்கும் தொகையே புள்ளி. வின்னுக்கு 20-1 (கட்டிய ஒரு டாலருக்கு 20 டாலர் லாபம்), பிளேஸுக்கு 10-1 வரைதான் கணக்கு. அதாவது கட்டிய 2 டாலரும் சேர்த்து 42-ம் 22-ம், மொத்தம் 64. வரம்பு இல்லையென்றால் 60-1 குதிரை ஒன்று வின்னிலேயே 122 டாலரைக் கொண்டுவந்துவிடும். நாள் முழுக்க ஃபார்ம் (குதிரைகளின் பழைய ஓட்டங்கள்) பார்த்து உட்கார்ந்தவர், கண்ணை மூடிக்கொண்டு எண்ணைத் தொட்டவரிடம் தோற்பார்.

பந்தயங்களின் எண்ணிக்கையும் அதே அளவு முக்கியம். அதிகப் பணம் கட்டப்படும் ஃபேவரிட் குதிரைகளே ஏறக்குறைய மூன்றில் ஒரு பந்தயத்தில்தான் ஜெயிக்கின்றன. ஆறு பந்தயப் போட்டியில் திறமை வெளியே தெரிய நேரமே கிடைக்காது.

நல்ல போட்டியா என்பது கடைசிப் பந்தயத்தில் தெரிந்துவிடும். முதலில் இருப்பவருக்கு 140, உங்களுக்கு 112 என்று வையுங்கள். உங்களுக்குப் பிடித்த 3-1 குதிரை ஜெயித்தால் வின் 8, பிளேஸ் ஒரு 4. போதாது. எனவே அதை விட்டு, மனசுக்கு ஒப்பாத 10-1 குதிரைக்குப் போவீர்கள்: 22-ம் ஒரு 9-ம் சேர்ந்து 31. இது தப்பில்லை, ஆட்டத்தின் ருசியே அதுதான். ஆனால் உங்கள் தேர்வு முன்கூட்டியே முதலிடக்காரர் கண்ணில் பட்டால், அவரும் அதே குதிரையைப் போட்டு உங்களை அடைத்துவிடுவார். குதிரைகள் புறப்படும் கதவு திறக்கும்வரை தேர்வுகள் மறைவாக இருக்கின்றனவா என்று கேளுங்கள். எல்லாத் தேர்வையும் முதல் பந்தயத்துக்கு முன்பே வாங்கிவிடும் போட்டிகளில் இந்தத் தலைவலி இல்லை. புதியவர்களுக்கு நான் சொல்வதும் அத்தகைய போட்டிகளையே.

ஒருவர் எத்தனை நுழைவு எடுக்கலாம், இருவர் பேசிவைத்து ஆடினால் என்ன தண்டனை, குதிரை விலகினால் மாற்றுத் தேர்வா அல்லது ஃபேவரிட்டா என்பதெல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும். தகராறு வந்த பிறகு எழுதப்படும் விதியை நான் விதியாகவே மதிப்பதில்லை. வசூலான கட்டணத்தில் எவ்வளவு பரிசாகத் திரும்புகிறது என்பதைச் சொல்லாத போட்டிக்குப் பணம் கட்டாதீர்கள்.

குதிரைகள்மேல் நிஜமாகவே பணம் கட்டி ஆடும் போட்டிகள் வேறு ரகம். அமெரிக்காவின் பிரீடர்ஸ் கப் பந்தயங்களை ஒட்டி நடக்கும் பிரீடர்ஸ் கப் பெட்டிங் சேலஞ்சில் 10,000 டாலர் கட்டினால் 7,500 உங்கள் ஆட்டப்பணம், மீதி பரிசுக்கு. ஆட்டத்தில் ஜெயிப்பது உங்களுக்கே. ஆனால் இத்தகைய போட்டிகளில் குதிரைகள்மேல் ஒரு குறைந்தபட்சத் தொகையைக் கட்டியே ஆக வேண்டும் என்ற விதியும் வரும். கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருக்க வேண்டிய பந்தயத்திலும் அது உங்களைப் பணம் போடவைக்கும்.